கம்ப்யூட்டருக்குள் ஏறிய கல் சுவர்

கம்ப்யூட்டருக்குள் கருங்கல்லை ஏற்ற முடியுமா? போன மாதம் நான் ஏற்றிவிட்டேன்!

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடம். பழைய கல் கட்டடத்தை ஒட்டி லைப்ரரி கட்ட வேண்டும். பிளான் என்னுடையது. புதுசும் கல்லாகவே இருக்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. பள்ளிக் கமிட்டிக்கோ சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் போதும். சுவர் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தால்தான் கல்லுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டார்கள். வெறும் கோட்டுப் படத்தில் யாருக்குக் கல் தெரியும்?

எங்கள் மதுரை ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம் ஆகிறது. விடுவேனா? பழைய சுவரில் நாலடிக்கு நாலடி ஒரே ஒரு சதுரத்தைப் போட்டோ எடுத்தேன். பெரிதாக்கி, கம்ப்யூட்டரோடு இணைந்த பலகையில் ஒட்டி, ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் உளி பட்ட தழும்பையும் அதன் பேனாவால் தொட்டுத் தொட்டு உள்ளே அனுப்பினேன். முதல் கல் திரையில் வந்து நின்றபோது... அடடா, எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அப்புறம் அந்த நாலடியையே வரிசையாக அடுக்கச் சொன்னேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அறுபதடிச் சுவர் ரெடி.

படத்தைச் சுருட்டிக்கொண்டு வத்தலக்குண்டில் பஸ் மாறி மலையேறினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் ஸ்டெல்லா மேடத்தின் மேசையில் விரித்ததும் கமிட்டியே எழுந்து நின்று பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருவர் மட்டும் குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார் — கல் வேலைக்காகக் கூப்பிட்டிருந்த, பக்கத்துப் பள்ளங்கி கிராமத்து அந்தோணி மேஸ்திரி. கடைசியில் ஒரு கல்லின் மேல் விரலை வைத்தார்.

“கல்லு நம்ம ஊரு கல்லுதாம்மா. ஆனா, ஓரம் ஒடஞ்ச இந்தக் கல்லு நாலடி தள்ளித் திரும்ப வருது. அங்கிட்டும் கெடக்கு. அதுகூடப் பரவால்லங்க. நாலடிக்கு ஒருக்கா மேலருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு ஓடுதே... இப்படிக் கட்டுனா செவுரு பொளந்துரும்ங்க.”

சரியாகத்தான் சொன்னார். கல்லுக்கு மேல் கல் மாறி உட்கார்ந்தால்தானே சுவர் நிற்கும்? அந்தக் கோடெல்லாம் நான் ஒட்டுப்போட்ட இடங்கள்.

“அப்ப சிமெண்டே பூசிரலாமே” என்று ஒருவர் ஆரம்பித்தார். இனி மழுப்பி என்ன பயன்?

“தப்பு என்னோடதுதான் மேடம். நாலடியை வரைஞ்சு, மிச்சத்தைக் காப்பி எடுத்துட்டேன்.”

ஸ்டெல்லா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “பரீட்சை ஹால்ல வருஷா வருஷம் இதைத்தானே பிடிக்கிறேன்? எல்லாப் பேப்பர்லயும் ஒரே தப்பு வரும்.” பிறகு சிரித்துவிட்டார். “அடுத்த சனிக்கிழமை திரும்ப எழுதிட்டு வாங்க. மேஸ்திரி திருத்தட்டும். அவர் சரின்னா கல்லு. இல்லைன்னா சிமெண்ட்.”

அன்று சாயங்காலமே பழைய சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படமெடுத்தேன். “பனி எறங்குது, வெரசா எடுங்கம்மா” என்று கூடவே நடந்தார் மேஸ்திரி. எந்தக் கல் எதைப் பூட்டி நிற்கிறது என்று காட்டிக்கொண்டே வந்தார். ஒரு வாரம் ராப்பகலாக, கல் கல்லாக ஏற்றினேன். கை வீங்கிவிட்டது. ஆனால் அந்தச் சந்தோஷம் இருக்கிறதே!

சனிக்கிழமை. மேஸ்திரி அறுபதடியையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில் நின்றார்... பிறகு விரல் நகர்ந்தது.

“இது நிக்கும்ங்க.”

கமிட்டி கையெழுத்துப் போட்டது. கல்லேதான்!

காப்பி அடிக்காமல் நான் பாஸான முதல் பரீட்சை இது — என் பழைய கணக்கு வாத்தியாரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.