மேப்பிள் அலமாரியும் தனாக்காத் தூளும்

பர்மாவில் எங்கள் ஊர் லத்தா கடைத்தெருவில் பழைய மேப்பிள் மர அலமாரி ஒன்று வாங்கினேன். வெளிநாட்டு மரம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். சில நாளில் அதனடியில் வெளிர்மஞ்சள் தூள் உதிரத் தொடங்கியது. என் பர்மிய மருமகள் தந்தா அந்த அலமாரிக் கண்ணாடி முன் நின்றுதான் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையைச் சந்தனம்போல் அரைத்துப் பூசுவாள்; காய்ந்தால் மஞ்சள் தூளாய் உதிரும்.

“மூஞ்சில பூசுறத வீடெல்லாம் கொட்டாதேடி” என்று தினமும் திட்டினேன். அவள் உடனே பெருக்குவாள்.

ஒருநாள் துணி எடுக்கையில் பலகை நொறுங்கியது. உள்ளே சிறு வண்டுகள் மரத்தையே மாவாக்கியிருந்தன.

“நீங்க திட்ட ஆரம்பிச்சப்பவே தனாக்கா பூசுறத விட்டுட்டேன், ரொம்ப நாளாச்சு அம்மா” என்றாள் தந்தா. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் வெறுமையாக இருந்தது. கூனிக்குறுகிப் போனேன்.

இப்போதெல்லாம் மரச்சாமான் வாங்குமுன் துளை இருக்கிறதா என்று பார்க்கிறேன். வீட்டில் தூசி கண்டால் நானே பெருக்குகிறேன். நல்ல தனாக்காக் கட்டையும் வாங்கிக் கொடுத்தேன். தந்தா இன்னும் பூசவில்லை.