அவர் வாசித்த எண்கள்

சர்க்கரை நோயால் என் கண் மங்கியதிலிருந்து, தினமும் காலையில் எனக்கு பிரஷர் பார்த்து எண்ணை வாசித்துச் சொன்னது என் கணவர்தான். "நூத்தி முப்பதுதான், நல்லாருக்கு" என்பார். ஒரு வருஷம் அதை நம்பினேன்.

சாயல்குடியில் டாக்டர் அளந்தபோது நூற்று எண்பது காட்டியது. நாங்கள் கொண்டுபோயிருந்த பிரஷர் மிஷினை வாங்கி, அதில் பதிவாகியிருந்த பழைய அளவுகளைப் பார்த்தார். ஒன்றுகூட நூற்று அறுபதுக்குக் கீழே இல்லை.

"கிட்னியில பாதிப்பு ஆரம்பிச்சிருச்சும்மா" என்றார்.

வெளியே வந்ததும் கணவரிடம் கேட்டேன்.

"நீ பயந்துருவேன்னுதான் கொறச்சுச் சொன்னேன்த்தா."

"என் ஒடம்பப் பத்தி எங்கிட்டயே பொய் சொல்லிப்புட்டீகளே!"

பஸ்ஸில் தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

இப்போது பக்கத்து வீட்டு டீச்சர்தான் வாசித்துச் சொல்கிறார். "எம்புட்டு இருக்கு?" என்று கணவர் வாசலிலிருந்து கேட்பார். நான் பதில் சொல்வதில்லை.