மாமனார் காருக்குக் குழாய் வைத்த கதை

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பெரம்பலூரில் வேலை. மாமனார் வீடு அரியலூரில். அவரிடம் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஓர் அம்பாசிடர் கார் இருந்தது. திருமானூர்ப் பக்கம் நெல்லும் கரும்புமாக அவருக்குக் கொஞ்சம் நிலம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிரைவர் வைத்துக்கொள்ளவும் மாட்டார். டிரைவர் என்றால் பெட்ரோலைக் குடிப்பவன் என்பது அவர் முடிவு. அதனால் வாராவாரம் நான் காலை பஸ் பிடித்து அரியலூர் போய், மாப்பிள்ளை என்ற முறையில் இலை போட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, டிரைவர் என்ற முறையில் காரைத் துடைப்பேன்.

மாமனாருக்குக் காது மந்தம். இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. நாட்டில் மனிதர்கள் வர வர வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். எதிரில் நிற்பவரின் உதட்டைக் கவனித்துப் பாதியைப் புரிந்துகொள்வார், மீதியை ஊகித்துக்கொள்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடர்த்தியாக மீசை வைத்தவர்களை மட்டும் அவருக்குப் பிடிக்காது. 'மீசக்காரன் எதையும் வெளிப்படையா பேச மாட்டான்' என்பார். கல்யாணத்துக்கு முன் எனக்கு நல்ல மீசை இருந்தது. பெண் கொடுக்க அவர் விதித்த ஒரே நிபந்தனை அதை எடுத்துவிட வேண்டும் என்பதுதான். காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

சிக்கல் ரேடியோவில் வந்தது. ரேடியோவுக்கு உதடு கிடையாது.

கம்பெனியிலிருந்து வரும்போதே அந்தக் காரில் ஒரு ரேடியோவும், முன்பக்கம் டேஷ்போர்டுக்குள் ஒரேயொரு ஸ்பீக்கரும் இருந்தன. போகும் வழியில் அவருக்குச் செய்தி கேட்டாக வேண்டும். சத்தத்தை எவ்வளவு கூட்டி வைத்தாலும், 'செய்தி வாசிக்கிறவன் வாயில வெத்திலய அடக்கிக்கிட்டு வாசிக்கிறான் மாப்ள' என்பார். ஒரு நாள் அத்தை என்னைத் தனியே கூப்பிட்டு, மாமாவைத் திருச்சியில் காது டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டார். அதை அவரிடம் யார் சொல்வது என்று நான் கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காருக்கு நல்ல ஸ்பீக்கராகப் போட்டுவிடலாம் என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. திருச்சிக்குப் போய் இரண்டு ஸ்பீக்கர்கள் வாங்கினேன். தட்டையாக, நீள்வட்டமாக, முகத்தில் கறுப்பு வலை போட்டிருந்தன. பின்சீட்டுக்கு மேலே, கண்ணாடியை ஒட்டிய பலகையில் கடைக்காரரே ஓட்டை போட்டுப் பொருத்திக் கொடுத்தார். அரியலூர் திரும்பும் வழியெல்லாம் பாட்டு கேட்டுக்கொண்டே வந்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் அவ்வளவு சுத்தமான சத்தத்தைக் கேட்டதில்லை. வீணைத் தந்தியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது.

மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டார். பிறகு இறங்கிப் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டார். கடைசியாக என்னைப் பார்த்து, 'எப்பப் போடுவீங்க?' என்றார்.

அடுத்து யாரிடம் போவது என்று தெரியவில்லை. ஊரில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுபவர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், சத்தமே வராமல் பேசுவார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். டிக்கியைத் திறந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"எத்தன ஊருக்குக் கேக்கணுங்க?"

"ஒரே ஒரு ஆளுக்குங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "ஒரு ஆளுக்கு நான் செட்டு போட்டதே இல்லீங்களே" என்றார்.

இருந்தாலும் ஒத்துக்கொண்டார். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஓர் ஆம்பிளிஃபயர் வந்தது. அதற்காக டிக்கியில் தனியாக ஒரு பேட்டரி வந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில், ஆசாரியிடம் சொல்லிச் செய்த ஒரு பலகைப் பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கர் வந்தது. முதல் நாள் அதைப் போட்டபோது பின்கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல் விழுந்தது. நடுவில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடி கழன்று என் மடியில் விழுந்தது. என் மனைவி அன்றிலிருந்து அந்தக் காரில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டாள். மாமனார் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் இப்போது வெற்றிலையோடு பாக்கும் சேர்ந்துவிட்டது என்றார்.

யோசனை சொன்னதும் அவர்தான். கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி இருக்கிறதே, அதில் பேசினால் மட்டும் தனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது, அதில் ஒன்றைக் காரில் வைத்தால் என்ன என்று கேட்டார். மைக் செட்காரருக்குக் கண்ணில் உயிர் வந்தது. மறுநாளே குழாயோடு வந்துவிட்டார். ஆனால் அதன் வாய் ஒரு பெரிய அண்டாவின் அகலம். காருக்குள் வைத்தால் ஆள் உட்கார முடியாது, மிச்சக் கண்ணாடியும் போய்விடும் என்றார். ஆகவே அதை டிக்கியில், வாயை வெளிப்பக்கம் பார்க்க வைத்துக் கட்டினார். டிக்கி மூட முடியவில்லை. கதவைத் தூக்கிக் கயிறு போட்டுக் கட்டினோம்.

யாருக்காக வைத்தோமோ அவர் காருக்குள் இருக்கிறார், சத்தம் முழுவதும் பின்பக்கமாக ரோட்டுக்குப் போகிறது. இதை மைக் செட்காரரிடம் சொன்னேன். அவர் அதெல்லாம் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும் என்றார்.

அதைவிட ஆச்சரியம், மாமனாருக்குத் திருப்தியாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கார் கடைவீதியைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சைக்கிளில் போனவர் இறங்கி நின்றுவிட்டார். எங்களுக்குப் பின்னால் வந்த பஸ், ஹாரன் அடித்துப் பார்த்துத் தோற்றுப்போய் ஓரமாக நின்றது. மாமனார் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மாப்ள தெளிவா கேக்குது" என்றார். அதை அவர் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என் காதில் அப்போது ஙொய் என்ற சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

அந்தக் காலத்தில் குழாய் கட்டிய கார் ஊருக்குள் வந்தால் மூன்றில் ஒன்று: எலெக்ஷன், சினிமா, சர்க்கார் அறிவிப்பு. எங்கள் காரில் கொடியும் இல்லை, போஸ்டரும் இல்லை. ஆகவே போகிற ஊரிலெல்லாம் எங்களைச் சர்க்கார் என்றுதான் நினைத்தார்கள். அம்மை ஊசி எப்போது போடுகிறீர்கள் என்று ஒரு தாய் கேட்டாள். மாமனார் அவள் உதட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் என்று பதில் சொன்னார். என்ன கேட்டதாக நினைத்தார் என்பது தெரியாது.

அது மார்கழி. அந்த வருஷம் மழை பிந்திப் பெய்திருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடியது. மாமனார் வயலில் ஆலை போட்டு, முந்தின நாள்தான் கரும்புச் சாறு காய்ச்சி வெல்லம் பிடித்திருந்தார்கள். நாங்கள் அதைப் பார்க்கப் போனோம். வழியில் திருமானூரைத் தாண்டி, ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், சாக்கு வாங்குவதற்காகக் காரை நிறுத்தினேன். மாமனார் காரிலேயே இருந்தார். ரேடியோவும் இருந்தது. செய்தி முடிந்து ஏதோ நாடகம் ஆரம்பித்திருந்தது. அவருக்கு நாடகம் என்றும் தெரியாது, செய்தி என்றும் தெரியாது. குழாய் வேலை செய்கிறது, அது போதும்.

நான் சாக்குக் கடையின் பின்கட்டில் நின்று சாக்கைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடகத்தில் அணை உடைகிற கட்டம். அதிகாரி ஒருவர் கணீரென்ற குரலில், ஆற்றோரம் இருப்பவர்கள் எல்லாரும் உடனே மேட்டுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போடுகிறார். கடைக்குள் இருந்த எனக்கே அது கேட்டது. நாடகம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே நடந்ததை டீக்கடைக்காரர் பிறகு எனக்குச் சொன்னார். அவர் டீ ஆற்றுவதை விட்டுவிட்டுக் காரிடம் ஓடியிருக்கிறார். உள்ளே சர்க்கார் மனிதர் மாதிரி வெள்ளைச் சட்டையில் மாமனார்.

"ஐயா, வெள்ளம் வந்துருச்சுங்களா?"

மாமனார் உதட்டைப் பார்த்தார். வெள்ளமோ வெல்லமோ, உதட்டில் இரண்டும் ஒன்றுதான். அவர் நினைப்பெல்லாம் வயலில் இருந்தது.

"வந்துருச்சு. நேத்தே வந்துருச்சு."

"இன்னும் வருங்களா?"

"இன்னைக்கி இன்னும் ஜாஸ்தி வரும். போன வருஷமெல்லாம் இதுல பாதிகூட இல்ல."

டீக்கடைக்காரர் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "எங்க வூட்டுப் பக்கம் வருங்களா ஐயா?"

மாமனாருக்கு மனம் இளகிவிட்டது. பொங்கல் நெருங்குகிறது, பாவம், கேட்கிறார்களே என்று நினைத்திருக்கிறார். "எல்லா வூட்டுக்கும் வரும். ஒரு வூடு பாக்கி இருக்காது. ஏனத்த மட்டும் எடுத்து வைங்க" என்றார்.

நான் சாக்குக் கட்டோடு வெளியே வந்தபோது தெருவில் ஊரே ஓடிக்கொண்டிருந்தது. ஏனம் என்றால் இருக்கிற ஏனமெல்லாம். குடம், அண்டா, இட்லிப் பானை, தோசைக்கல். ஒருவர் சைக்கிளை நனையக் கூடாது என்று தலையில் தூக்கிக்கொண்டு ஓடினார். ஏறி மிதித்திருந்தால் முதலில் போய்ச் சேர்ந்திருப்பார். இரண்டு பேர் ஒரு பெரியவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் படுத்தபடியே, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டு போனார். ஒரு பெண் அரைத்த மாவைச் சிந்தாமல் நிதானமாக நடந்தாள். பள்ளிக்கூடத் திண்ணை முழுக்க ஆடுகள். எல்லோருக்கும் நடுவில் எங்கள் கார், அதற்குள் மாமனார், வெளியே பார்த்துப் புன்னகை செய்துகொண்டு.

"என்ன மாமா இது?" என்று அவர் எதிரில் போய் நின்று கேட்டேன்.

"வெல்லம்னா எவ்வளவு ஆச பாருங்க, மாப்ள" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ரேடியோவை நிறுத்தினேன். அதற்குள் தலையாரி ஆற்றங்கரையிலிருந்து சைக்கிளில் வந்துவிட்டார். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான், எருமைகள் நின்றுகொண்டிருக்கின்றன என்றார். பள்ளிக்கூட மேட்டிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கையில் ஏனம் இருந்தது, முகத்தில் கோபம் இருந்தது. காரைச் சுற்றி நின்றார்கள். ஐயாதான் வெள்ளம் வரும் என்று சொன்னார் என்று டீக்கடைக்காரர் எல்லோர் முன்னாலும் சாட்சி சொன்னார்.

நான் குனிந்து மாமனார் காதுக்குள் நடந்ததைச் சொன்னேன். அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் காதோடு வாயை ஒட்டிச் சொன்னதால், இந்த முறை அவருக்கு விளங்கிவிட்டது. தப்பாகக் காதில் விழுந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். ஆனால் காது என்ற சொல்லை அவர் அந்த வயதுவரை தன்னோடு சேர்த்துச் சொன்னதே இல்லை.

கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"வெல்லம் வருமான்னு கேட்டான். வரும்னு சொன்னேன். நான் சொன்னா சொன்னதுதான். இன்னைக்கிப் பொழுது சாயறதுக்குள்ள எல்லா வூட்டுக்கும் வரும்."

அடிக்க வந்தவர்கள் ஏனத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கட்டிலில் இருந்த பெரியவர், எங்கள் வீட்டில் மூன்று அடுப்பு என்றார்.

அன்று நாங்கள் வயலுக்கும் அந்த ஊருக்கும் இடையே போய் வந்துகொண்டே இருந்தோம். வெல்லம் வைக்க இடம் வேண்டும் என்று குழாயைக் கழற்றி ஆலைக்கொட்டகையில் போட்டேன். அன்று காலை பிடித்து, இன்னும் இளஞ்சூடாக, பிசுபிசுவென்று இருந்த வெல்ல உருண்டைகளை டிக்கியிலும் பின்சீட்டிலும் அடுக்கினோம். மாமனார் வீட்டுக்கு வீடு இறங்கி, தன் கையாலேயே கொடுத்தார். வாங்கியவர்கள் வாழ்த்தினார்கள். அவர் ஒவ்வொருவர் உதட்டையும் உற்றுப் பார்த்துத் தலையாட்டினார். டீக்கடைக்காரர் எங்கள் இருவருக்கும் புது வெல்லம் போட்டு டீ கொடுத்தார்.

வீட்டுக்கு ஓர் உருண்டைதான் மிஞ்சியது. அத்தை அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போயிருந்தால் சல்லிசாக முடிந்திருக்கும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவரைப் பார்த்துச் சொன்னதால் மாமனாருக்குத் தெரியவில்லை.

மறுவாரம் மைக் செட்காரர் குழாயைத் திரும்பக் கட்ட வந்தார். ஆம்பிளிஃபயரைத் திறந்தார். உள்ளே கட்டெறும்பு. டிக்கியில் ஒழுகிய வெல்லத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒயர் வழியாகச் சீட்டுக்கடியில் குடியேறியிருந்தன. பலகைப் பெட்டிக்குள்ளும் அதே கதை. அவர் கையை உதறிக்கொண்டு, முப்பது ஊர்த் திருவிழாவுக்குப் போட்ட செட்டு, கடைசியில் இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். சரிசெய்து தரட்டுமா என்று கேட்டதற்கு மாமனார் வேண்டாம் என்று தலையசைத்தார். டேஷ்போர்டில் இருந்த பழைய ஸ்பீக்கர் மட்டும் எறும்புக்குத் தப்பியிருந்தது.

அந்த ஞாயிறு வயலுக்குக் கிளம்பினோம். செய்தி நேரம் வந்தது. ரேடியோவைப் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "என்ன சொல்றான் மாப்ள?" என்றார்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே, கேட்டதை ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னேன். அவர் முன்னால் சாய்ந்து என் வாயையே பார்த்தபடி வந்தார். டெல்லியில் நடந்தது, மெட்ராஸில் நடந்தது, நெல் கொள்முதல் எல்லாம் சொன்னேன். நடுவில் எனக்கு ஒரு கொட்டாவி வந்தது.

"செய்தி வாசிக்கிறப்ப கொட்டாவி விடாதீங்க, மாப்ள" என்றார். "வெலவாசி என்னன்னு புரியாமப் போயிடுச்சு."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தேன்.