ஜங்ஷன் கான்ஸ்டபிளின் இங்கிலீஷ்

திருச்சி ஜங்ஷன் வாசலில் நின்ற அந்தக் கான்ஸ்டபிள் கழுத்தே தெரியாத கட்டையான மனிதர். ஸ்ரீரங்கம் போகும் பரதேசிகளை லத்தியால் விரட்டுவார். ஒவ்வோர் அடிக்கும் "வேகபாண்ட்!" என்று கத்துவார். ஒருநாள் ஒரு கிழவரின் மண்டை உடைந்தது. பத்திரிகை நிருபரான நான் குறுக்கே போனேன்.

"அது லத்தீன்லேர்ந்து வந்த வார்த்தைங்க. ஊர் ஊரா அலையறவன்னுதான் அர்த்தம். அலைஞ்சதுக்கா மண்டைய உடைப்பீங்க?"

லத்தி தாழ்ந்தது.

"அலையறவனா? எங்க வெள்ளைக்காரத் தொரை பூட்ஸ் காலால உதைக்கறப்ப என்னைத்தான் அப்படிச் சொல்லுவாரு. நான் இந்தா பக்கத்துல இருக்கற பொன்மலையத் தாண்டினதே இல்லீங்களே!"

முகத்தில் நிஜமான குழப்பம். இதற்குள் கிழவர் ரத்தத்தைத் துடைத்தபடி எழுந்தார். கான்ஸ்டபிள் திரும்பி, இம்முறை "வேகபாண்ட்" என்று கத்தாமல், அவரை முன்னைவிடப் பலமாக அடித்தார்.