சலூன் என்று எழுதிய போர்டு

தம்பானூரில் யாரோ கடைக்கு போர்டு எழுதுகிறார்கள். பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியதும், தொண்ணூற்றாறில் அப்பா வாடகைக்கு எடுத்த ஆரியசாலைக் கடை வாசலில் நின்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அப்பா. ஏணிமேல் பெயிண்டர். கட்டடத்துக்குச் சொந்தக்காரரான மலையாளி. எட்டு வயசில் நான்.

எங்கள் தென்காசிப் பக்கம் முடி வெட்டும் கடை என்றால் சலூன்தான். அப்பாவும் அதையே எழுதச் சொல்லியிருந்தார்.

“அத அழிச்சு பார்பர் ஷாப்னு எழுதெடா,” என்று பெயிண்டரை அதட்டினார் கட்டடக்காரர். “இவிடெ எல்லாரும் அங்ஙனெதான் எழுதும்.”

“மொதலாளி, எங்கூர்ல பார்பர்னு கூப்பிட்டா ஏசுத மாதிரி,” என்றார் அப்பா.

“பாண்டிக்கு வந்த கௌரவம் பாரு! செரைக்க வந்தவன்தானே நீ?” தமிழனை அங்கே பாண்டி என்றுதான் ஏளனமாகச் சொல்வார்கள்.

பெயிண்டர் பயந்துபோய் மாற்றி எழுதினார். அப்பா உள்ளே போய் சவரக்கத்தியை எடுத்துவந்து, ஏணியில் ஏறி, காயாத எழுத்தைச் சுரண்டினார்.

“எறங்கெடா. சாவிய வச்சிட்டுப் போ.”

அப்பா சாவியை அந்த ஆள் காலடியில் எறிந்தார். அவன் குனிந்து எடுத்ததைப் பார்த்தேன். எனக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை.

பிறகு அப்பாவுக்குச் சொந்தக் கடை அமையவில்லை. சாகிறவரை அடுத்தவன் கடையில் நின்று முடி வெட்டினார். பத்தொன்பது வருஷம்.