எக்கோவும் ஒரு தேங்காயும்

என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி வைத்திருக்கிறார். போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்ப்பவரும் அவரே. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து விவசாயக் காட்டுக்குள் நடப்பார். தண்ணீர் இருக்கும் இடத்தில் அது எழுந்து நிற்கும். எழுந்து நின்ற இடங்களிலும் தோண்டியபோது வெறும் புழுதி பறந்ததுண்டு. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசக் கூடாது.

எனக்கு இதய வால்வு சுருங்கிவிட்டது. சேலத்தில் எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அழுத்தம் எழுபது என்று வந்தது. நிஜமாகவே அவ்வளவு இருந்தால் வால்வு மாற்றும் ஆபரேஷனில் ஆபத்து கூடுதல் என்றார் டாக்டரம்மா.

"ஆனா எக்கோ நேரா அளக்கறதில்லைம்மா. ரத்தம் பின்னாடி கசியற வேகத்தை வச்சுக் கணக்குப் போடுது. வால்வு நோய்ல கூடவோ குறையவோ காட்டலாம். உள்ள குழாய் விட்டு அளந்தாத்தான் உறுதி."

"அப்ப எக்கோங்கறது தேங்கா வச்சுத் தண்ணிக்குப் பாயிண்ட் பாக்கற மாதிரி. குழாய் உடறது போர் போடற மாதிரி. அப்படித்தானுங்களே?" என்றார் இவர்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். அவ்வளவுதான், ஊர் திரும்பும் பஸ்ஸில் இவர் பாதி டாக்டர். பக்கத்து சீட்காரருக்கு என் இதயத்தை டிக்கெட்டின் பின்புறம் வரைந்து காட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது.

குழாய் விடும் நாளன்று, கிளம்பும் நேரத்தில் தேங்காயோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் அசையாம நில்லு புள்ள."

"ஏனுங்க, நானென்ன காடா?"

என் நெஞ்சுக்கு நேரே கையை நீட்டினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். தேங்காய் படுத்தே கிடந்தது.

"பாத்தியா, எந்திரிக்கல. அவ்வளவு அழுத்தமெல்லாம் இல்ல."

தொடை வழியாகக் குழாய் விட்டு அளந்ததில் நாற்பத்தெட்டு. தைரியமாக ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டரம்மா. செய்தார்கள். இப்போது மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை.

என்னைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களிடமெல்லாம் இவர் சொல்வது ஒன்றுதான்: "எக்கோவே தப்பாக் காட்டிருச்சுங்க. என்ற தேங்கா அன்னைக்கே சொல்லிருச்சு."

நான் மறுப்பதில்லை. அன்று தேங்காயின் நுனியை அவர் கட்டைவிரல் அமுக்கிப் பிடித்திருந்தது. அது எழுந்துவிடக் கூடாதே என்று பிடித்ததை நான் பார்த்துவிட்டேன். எந்தக் காட்டிலும் அவர் அப்படிச் செய்ததில்லை. என் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. இந்த மனிதரை விட்டுப் போய்விடக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம் வந்ததும் அப்போதுதான்.