வயிற்றில் இருந்த தலை

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கண்டுபிடிக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். போன கிழமை ரொறன்ரோவில் நூலக வாசலைக் கடந்தபோது ஏதோ கருவி கீச்சிட்டது. யாரும் கேட்காமலே சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றேன். மேசையிலிருந்த பெண் தழும்பைப் பார்த்து, "அப்பெண்டிக்ஸா?" என்றாள். "இல்லை, தலை" என்றேன். பாவம், குடிக்கத் தண்ணீர் தந்தாள்.

யுத்தத்துக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் பொலிஸ் பதிவோடு ஒடுங்கியிருந்த காலத்தில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. மூளை வீங்கி மண்டைக்குள் இடம் போதவில்லையாம். என் மனைவி வசந்தி இதை இன்றுவரை நம்பவில்லை. உயிர் தப்ப, டொக்டர் மண்டையோட்டில் உள்ளங்கையளவு துண்டொன்றை வெட்டியெடுத்தார். வீக்கம் வற்றும்வரை அது கெடாமலிருக்க, என் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைத்துவிட்டார்.

மூன்று மாதத்தின் பின், அதைத் திரும்பப் பொருத்த நாள் வந்தது. காலை பத்து மணிக்கு ஒப்பரேஷன் தியேட்டர். தவறினால் அடுத்தது எப்போதென்று யாருக்கும் தெரியாது. அதுவரை மூளைக்கும் உலகத்துக்கும் இடையில் வெறும் தோல்தான்.

"டொக்டரின்ட கடிதம் எடுத்தனீங்களோ?" என்றாள் வசந்தி.

"ஓம்."

நான் எடுத்தது, தலைப் பள்ளத்தை மறைக்கும் தொப்பியை மட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காலி வீதி இராணுவச் சோதனைச்சாவடியில் ஆட்டோவை மறித்தார்கள். தடவிக்கொண்டு வந்த சிப்பாயின் கை என் வயிற்றில் நின்றது. பின்னால் பாய்ந்தான். மூன்று துவக்குகள் நிமிர்ந்தன. என்ன இது என்று சிங்களத்தில் கத்தினான். உண்மையைத்தான் சொன்னேன்: "மகே ஒளுவ." என் தலை. கூடவே ஒரு இளிப்பு. வயிற்றில் குண்டு கட்டி வந்தவர்களைக் கண்ட நகரத்தில்!

முழங்காலில் இருத்தினார்கள். துவக்கு முனை தொப்பியை நோக்கி வந்தது. "ஐயோ, அதில முட்டாதேங்கோ!" என்று வசந்தி தொப்பியைப் பறித்தாள். பள்ளத்தில் தோல் துடித்துக்கொண்டிருந்தது. சிப்பாய் பார்த்தான். துவக்கு இறங்கவில்லை. கடிதம் வேண்டுமாம்.

வசந்தி அதே ஆட்டோவில் அறைக்குத் திரும்பினாள். நான் கைகளைத் தூக்கியபடி வெயிலில். தினமும் என்னோடு தேத்தண்ணி குடிக்கும் ஊர்க்காரர் ஒருவர், எதிர்ப்பக்கத்து விளம்பரப் பலகையை வாசித்துக்கொண்டே நடந்து போனார். அவர் இடத்தில் நானும் வாசித்திருப்பேன்.

கடிதத்தோடு வந்தவள் சொன்னாள்: "அந்தத் துண்டை டொக்டர் குப்பையில போட்டிருக்கோணும். தலையால உங்களுக்கு என்ன பிரயோசனம்?"

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் போகவிட்டார்கள். துண்டு அன்றே தலைக்குத் திரும்பி, பிறகு கனடாவுக்கும் வந்து சேர்ந்தது. வயிறு மட்டும் இன்னும் அந்தச் சாவடியிலேயே நிற்கிறது. ஏனென்றால் ஆட்டோவில் ஏறும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "அடுத்த முறை தலை தலையிலேயே இருக்கும், மாத்தயா" என்றேன் மரியாதையாக, எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

அந்தச் சிப்பாய் சிரிக்கவில்லை.

"அன்றைக்கும் வயிற்றைப் பார்ப்போம்."